போகும் வழி, திரும்பும் வழி

வெளியிலிருந்து பார்த்தால் மெயின்பிரேம் ஒற்றைப் பெட்டி. உள்ளே பல இயங்குதளங்கள் ஒண்டுக்குடித்தனம் நடத்துகின்றன. 1972-இல் ஐபிஎம் அறிவித்த விஎம்/370-இன் வழிவந்த இசட்/விஎம், ஒரே இயந்திரத்தைப் பல கணினிகளாகப் பிரித்துக் காட்டுகிறது. அவற்றில் லினக்ஸ் ஓடும். அதே பெட்டியின் இன்னொரு பகுதியில் இசட்/ஓஎஸ் ஓடும். இவை தமக்குள் பேசக் கேபிள் வேண்டாம். ஹைப்பர்சாக்கெட் என்ற வசதியில், செய்தி நினைவகத்துக்குள்ளேயே இடம் மாறிவிடுகிறது. கேபிள் இல்லாத இடத்தில் கோளாறுக்கு என்ன வேலை என்று கேட்கலாம். கேபிள் அறுந்து வரும் கோளாறு மட்டும்தான் இங்கே இல்லை. வழி தெரியாமல் வரும் கோளாறு அப்படியே இருக்கிறது. அதைத் தேடும்போது, திரும்பும் வழியைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

ஓர் அமைப்பை எடுத்துக்கொள்வோம். 10.1.1.2 என்ற முகவரியில் ஒரு லினக்ஸ், 10.2.2.5-இல் இசட்/ஓஎஸ். நடுவே இரண்டு பக்கமும் கால் வைத்த இன்னொரு லினக்ஸ். முதல் லினக்ஸ் 'பிங்' என்ற சோதனைப் பாக்கெட்டை அனுப்புகிறது, பதில் இல்லை. நடுவில் இருப்பது பாக்கெட்டைக் கடத்தாமல் விட்டிருக்கலாம். லினக்ஸில் கடத்தும் அனுமதி வழக்கமாக மூடியே இருக்கும், நாம்தான் திறக்க வேண்டும். அல்லது பாக்கெட் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தும், 10.1.1 என்ற வலையமைப்புக்கு வழி இசட்/ஓஎஸ்-இன் ரூட்டிங் அட்டவணையில் இல்லாததால், பதில் வேறு திசையில் போய்த் தொலைந்திருக்கலாம். அனுப்பியவருக்கு இரண்டும் ஒரே மௌனம்தான். ஆகவே அவர் பக்கம் உட்கார்ந்து எத்தனை முறை பிங் செய்தாலும் விடை கிடைக்காது. இசட்/ஓஎஸ் பக்கம் பாக்கெட் டிரேஸ் எடுத்தால், கேள்வி வந்ததா என்பது உடனே தெரியும். வந்திருந்தால் போகும் வழியில் குற்றமில்லை.

அட்டவணையைக் கையால் எழுதுவதால்தானே இந்தத் தொல்லை, ஓஎஸ்பிஎஃப் போன்ற நெறிமுறை தானே வழிகளைக் கற்றுக்கொள்ளாதா என்பது நியாயமான கேள்வி. கற்றுக்கொள்ளும், ஆனால் அதற்கும் இரு முனைகளும் ஒத்துப்போக வேண்டும். ஒரே இணைப்பின் இரு முனைகளிலும் எம்டியு, அதாவது ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு, வேறுபட்டால் அவை முழுமையான அண்டை உறவுக்கே வருவதில்லை. சரி, பிங் பதில் தந்துவிட்டால் போதுமா என்றால், அதுவும் போதாது. ஹைப்பர்சாக்கெட்டில் எம்டியு 57,344 பைட் வரை போகும். ஈதர்நெட்டில் வழக்கம் 1,500. வழியில் இந்த இரண்டும் சந்தித்து, அளவைக் குறைக்கச் சொல்லும் தகவல் திரும்பி வராவிட்டால், சிறிய பிங் தாண்டிவிடும், பெரிய கோப்பு நடுவழியில் நின்றுவிடும். இங்கும் தொலைந்தது திரும்பி வரவேண்டிய ஒரு செய்திதான்.