நட்சத்திர அட்டை
பாலர் வகுப்புச் சுவரில் தொங்கும் நட்சத்திர அட்டையை யாவரும் அறிவர். அட்டை கெட்டதன்று, எதற்கு ஒட்டுவது என்பதில்தான் ஆசிரியர் தடுமாறுகின்றனர்.

அமெரிக்காவில் ஸ்டான்போர்டு பல்கலைக் கழகப் பாலர் பள்ளியில் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்போர் நடத்திய ஆய்வு 1973-இல் வெளிவந்தது. படம் வரைவதில் இயல்பாகவே ஆசையுள்ள சிறுவர்களில் சிலருக்கு, வரைந்தால் தங்க முத்திரையிட்ட பத்திரம் உண்டு என்று முன்கூட்டியே சொல்லப்பட்டது. ஓரிரு வாரம் சென்றபின் அவர்கள் வரைவதில் செலவிட்ட நேரம் ஏனையோரில் ஏறக்குறையப் பாதியே! எதிர்பாராமல் பத்திரம் பெற்றோருக்கு ஆசை குன்றவில்லை.

ஆகவே, கதைப் புத்தகத்தைத் தானே தேடியெடுக்கும் பிள்ளைக்கு நட்சத்திரம் வேண்டா. கை கழுவச் சோம்பும் பிள்ளைக்கு ஒட்டலாம். கழுவிய உடனே, இன்னதற்கென்று சொல்லி ஒட்ட வேண்டும். ஒட்டியதைத் தண்டனையாகப் பிய்த்தெடுப்பது தகாது. பழக்கம் படிந்ததும் அட்டையைச் சந்தடியின்றிக் கழற்றிவிடலாம்.