அங்கோர் கண்ட தம்பதியர்

தாம்பரத்தை அடுத்த நம் பங்கின் தம்பதியர் இருவர், மகளின் திருமணக் கடனை அடைத்து முடித்தபின், கம்போடியாவின் பழங்கோயில்களைக் கண்டு திரும்பியுள்ளனர். "அந்தப் பணத்தில் லூர்து நகருக்குச் சென்றிருக்கலாகாதா?" என உறவினர் கடிந்தனராம். (லூர்துக்கு அப்பணம் போதாது என்பது வேறு.) பிற சமயங்களில் உண்மையும் தூய்மையுமான எதனையும் திருச்சபை ஒதுக்குவதில்லை என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-லேயே அறிவித்ததை நாம் அவர்களுக்கு நினைவூட்டினோம். அன்றியும், 1586-ஆம் ஆண்டிலேயே அங்கோர் வாட்டைக் கண்டு வியந்தவருள் ஒருவர், அந்தோனியோ தா மதலேனா என்னும் கப்புச்சின் துறவி!

பன்னிரண்டாம் நூற்றாண்டில் இரண்டாம் சூரியவர்மன் திருமாலுக்கு எழுப்பிய அக்கோயிலைவிட, அம்மையாரின் உள்ளத்தைக் கவர்ந்தது தா புரோம். ஏழாம் செயவர்மன் தன் தாயை நினைந்து 1186-ல் எழுப்பியது அது. பெருமரங்களின் வேர்கள் சுவர்களைக் கவ்வி நிற்கின்றன. நம் நாட்டுத் தொல்லியல் துறையினரும் அங்கே சீரமைப்புப் பணி செய்துள்ளனர். 3,140 ஊர்களைச் சேர்ந்த 79,365 பேர் அதற்கு ஊழியம் செய்ததாக அக்கோயிற் கல்வெட்டு கூறும். "அவர்களுக்கும் தாய்மார் இருந்திருப்பார்களே, சாமி" என்றார் அம்மையார். நாம் மறுமொழி கூறவில்லை.

அக்கல்வெட்டின் கெமர் நாட்டு எழுத்து, நம் பல்லவர் எழுத்தினின்று கிளைத்தது. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மகேந்திரவர்மன் குடைவித்த குகைக்கோயில் பல்லாவரத்தில் உள்ளது. அவன் விருதுப் பெயர்களை அங்கே பல்லவ எழுத்தில் காணலாம். இன்று அவ்விடம் ஒரு தர்கா. நாள்தோறும் மின்வண்டியில் அதனைக் கடந்து செல்லும் நம்மவருள் எத்தனை பேர் இறங்கிப் பார்த்தோம்? வரும் ஞாயிறு பூசைக்குப்பின் அங்கே செல்வதாகத் தம்பதியர் கூறினர்.