ஒரு கீமோ முன்னால் போனவர்

நுரையீரல் புற்றுநோயை எதிர்கொள்கிறவருக்கு மருத்துவரும் குடும்பமும் தர முடியாத ஒரு துணை இருக்கிறது. அதைத் தரக்கூடியவர் இன்னொரு நோயாளி.

காரைக்காலை ஒட்டிய மீனவக் குப்பமான காரைக்கால்மேட்டில் தனி ஆளாகக் கடலுக்குப் போகிறவரைப் பார்ப்பது அரிது. சின்ன ஃபைபர் படகென்றாலும் மூன்று நான்கு பேர் ஏறுவார்கள். படகு திரும்பத் தாமதமானால் பெண்கள் மணலில் வந்து நிற்பார்கள். 2004 டிசம்பர் 26 காலையில் காரைக்கால் கடற்கரைக் குப்பங்களில் நூற்றுக்கணக்கான உயிர்களைச் சுனாமி அலை கொண்டுபோனபோது, மிஞ்சியவர்கள் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டுதான் எழுந்தார்கள்.

அப்படிப்பட்ட ஊரிலும் நுரையீரலில் புற்று என்று தெரிந்த நாளிலிருந்து ஒரு மனிதர் தனியாகிவிடக்கூடும். வீடு நிறைய ஆட்கள் இருப்பார்கள். தலைமாட்டில் மனைவி, வாசலில் மகன், பழம் வாங்கிக்கொண்டு வரும் சொந்தக்காரர்கள். ஆனால் அவர் போகும் வழியை அவர்களில் யாரும் பார்த்ததில்லை.

அந்த வழியில் ஒரு மீனவரோடு கொஞ்ச தூரம் நடந்து பார்ப்போம். அவருக்குப் பெயர் வைக்க வேண்டாம். இது ஒரு தனி மனிதரின் கதை இல்லை. இந்த நோய் வந்த பலர் நடந்த வழி.

இருமலில் தொடங்கும் குழப்பம்

முதலில் விடாத இருமல். பிறகு சளியில் ரத்தக் கோடு, எடை குறைவு, களைப்பு. காசநோய்க்கும் இதே அறிகுறிகள்தான். எக்ஸ்ரேயில் தெரியும் வெள்ளைத் திட்டும் இரண்டுக்கும் ஒன்றுபோல இருக்கலாம். காசநோய் மிகுந்த நம் நாட்டில் மருத்துவரின் சந்தேகம் முதலில் அதன் மேல் போவது இயல்பு. அதனால் நுரையீரல் புற்றுள்ள பலர் சில மாதங்கள் காசநோய் மாத்திரை சாப்பிட்டுவிட்டுத்தான் சரியான இடத்துக்கு வந்து சேர்கிறார்கள். அதற்குள் நோய் முற்றிவிடுகிறது.

2022-ஆம் ஆண்டுக்கான உலகக் கணக்கின்படி புதிதாக நுரையீரல் புற்று வந்தவர்கள் ஏறத்தாழ 25 லட்சம் பேர். அந்த ஆண்டில் அதனால் இறந்தவர்கள் 18 லட்சம் பேர். இந்தியாவில் புதிய நோயாளிகள் சுமார் 81 ஆயிரம். இறப்புகள் சுமார் 75 ஆயிரம். தாமதத்தின் விலை இந்த எண்களுக்குள் இருக்கிறது.

நம் மீனவர் புதுச்சேரியின் ஜிப்மர் மருத்துவமனைக்குப் புறப்படுகிறார். 1823-இல் பிரெஞ்சுக்காரர்கள் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழியில் வந்த நிறுவனம் அது. காரைக்கால்மேட்டிலிருந்து புதுச்சேரி கோரிமேட்டுக்கு ஏறக்குறைய 130 கிலோமீட்டர். தரங்கம்பாடி, சீர்காழி, சிதம்பரம், கடலூர் என்று தமிழ்நாட்டைக் கடந்து, ஒரே ஒன்றியப் பிரதேசத்தின் ஒரு துண்டிலிருந்து இன்னொரு துண்டுக்குப் போகும் பயணம். சி.டி. ஸ்கேன், பிராங்கோஸ்கோபி, பயாப்ஸி, சில சமயம் பெட் ஸ்கேன், பிறகு மரபணு மாற்றத்துக்கான பரிசோதனை. ஒவ்வொன்றுக்கும் ஒரு தேதி. ஒவ்வொரு தேதிக்கும் ஒரு பஸ்.

மூச்சுக்குழாய்க்குள் டியூப் விடப்போகிறார்கள் என்றதும் அவருக்குக் கை நடுங்குகிறது. மருத்துவர் விளக்கத்தான் செய்கிறார். பக்கத்து பெஞ்சில் போன வாரம் அதைச் செய்துகொண்டவர் உட்கார்ந்திருந்தால் வேறு விதமாகச் சொல்வார்: “தொண்டையில மருந்து அடிப்பாங்கண்ணே, மரத்துப் போயிடும். மூச்சு அடைக்கிற மாதிரி இருக்கும். பதறாம மெதுவா இழுத்து விடுங்க. எனக்குக் கொஞ்ச நேரத்துல முடிஞ்சுடுச்சு.” அந்த ‘எனக்கு’ என்ற சொல்லுக்கு ஈடான மருந்து ஆஸ்பத்திரியில் இல்லை.

“அப்பாவுக்குத் தெரிய வேண்டாம்”

பயாப்ஸி முடிவு வந்ததும் நம் வீடுகளில் நடப்பது ஒன்றுதான். மகன் மருத்துவரைத் தனியே பார்த்து, “அப்பாக்கிட்ட சொல்லிடாதீங்க சார், தாங்க மாட்டாரு” என்கிறான். வீட்டில் புற்று என்ற சொல் மறைந்து, ‘கட்டி’ என்றும் ‘சளி கட்டியிருக்கு’ என்றும் ஆகிறது. அன்பால் செய்வதுதான். ஆனால் அந்த அன்பு ஒரு கதவையும் சாத்திவிடுகிறது. தனக்கு என்ன என்றே தெரியாதவர் தன்னைப் போன்ற இன்னொருவரிடம் எதைக் கேட்பார்?

அப்பாவுக்கோ வார்டுக்குள் நுழைந்ததுமே பாதி தெரிந்துவிடுகிறது. சுற்றியிருப்பவர்களின் முடி கொட்டிய தலைகளைப் பார்க்கிறார். கதவுக்கு மேலே இருக்கும் பலகையைப் படிக்கிறார். பிள்ளைகளுக்காகத் தெரியாதவர்போல் நடிக்கிறார். இரண்டு பக்கமும் நடிப்பு. இதை உடைக்கக் குடும்பத்துக்கும் ஒரு துணை வேண்டும். போன வருடம் இதே நிலையில் நின்று, பயந்து, பிறகு சொல்லிவிட்ட இன்னொரு மகன் வந்து பேசினால் இவனுக்கும் தைரியம் வரும்.

பாட்டிலில் வரும் குமிழி

கட்டி பரவாமல் இருந்தால் அறுவை சிகிச்சைக்கு வாய்ப்பு உண்டு. வலது நுரையீரலில் மூன்று மடல், இடதில் இரண்டு. பெரும்பாலும் நோயுள்ள ஒரு மடலை மட்டும் எடுப்பார்கள்.

இந்த அறுவையின் வரலாற்றில் ஒரு நோயாளியை மறக்கக்கூடாது. 1933 ஏப்ரலில் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் எவார்ட்ஸ் கிரஹாம் என்ற அறுவை மருத்துவர், புற்று வந்த ஒரு நுரையீரலை முழுவதுமாக ஒரே அறுவையில் எடுத்து வெற்றி கண்டார். நோயாளி ஜேம்ஸ் கில்மோர், அவரும் மருத்துவர், மகப்பேறு பார்ப்பவர். அறுவைக்கு முன் ஊருக்குப் போன கில்மோர் பல்லைச் சரிசெய்துகொண்டார். தனக்கென ஒரு கல்லறை இடமும் வாங்கி வைத்தார். வாழவும் சாகவும் சேர்த்தே தயாரான மனிதர். அதற்குப் பிறகு ஏறத்தாழ 30 ஆண்டுகள் வாழ்ந்தார். புகைப்பழக்கத்துக்கும் நுரையீரல் புற்றுக்கும் உள்ள தொடர்பை 1950-இல் ஆய்வில் காட்டியவர்களில் ஒருவரான கிரஹாம், 1957-இல் அதே புற்றால் இறந்தார்.

கில்மோருக்கு முன்னால் அந்த வழியில் போய்ப் பிழைத்து வந்தவர் யாருமில்லை. கேட்க ஆளில்லாமல் போனார். இன்று அப்படிப் போக வேண்டிய கட்டாயம் எவருக்கும் இல்லை.

அறுவை முடிந்து கண் விழித்தால் விலாவிலிருந்து ஒரு டியூப், அதன் முனையில் தண்ணீர் உள்ள பாட்டில். இருமினால் குமிழி கொப்புளிக்கிறது. உயிரே கசிவதுபோல் தோன்றும். “உள்ள தங்குன காத்து வெளிய போவுது. எனக்கும் நாலு நாள் வந்துச்சு. சந்தேகம்னா நர்ஸக் கூப்பிட்டுக் காட்டுங்க,” என்று அடுத்த கட்டில்காரர் சொன்னால் அன்றிரவு தூக்கம் வரும். இருமும்போது தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொள்வது, மூன்று பந்து உள்ள கருவியில் மூச்சை இழுத்துப் பந்தை ஏற்றுவது, வலிக்கிறதென்று கையை மடக்கியே வைக்காமல் தோளை அசைப்பது எல்லாம் பிசியோதெரபிஸ்ட் சொல்லித் தருபவைதான். தையலைச் சுற்றி மரத்துப்போவதும் சுரீரென்று இழுப்பதும் மாதக் கணக்கில் இருக்கலாம் என்பதையும், வலை இழுத்த கைக்கு அந்த இழுப்பு எப்படி இருக்கும் என்பதையும் அனுபவித்தவர்தான் சொல்ல முடியும்.

மீன் வாசனை தாங்காத நாட்கள்

கீமோ தொடங்கினால் நாக்கில் உலோகச் சுவை. பிடித்த வாசனையே குமட்டும். மற்ற ஊரில் இது ஒரு தொல்லை. கடற்கரைக் குப்பத்தில் தண்டனை. கருவாடு காயும் மணலும் மீன் அலசும் வாசலும் உள்ள இடத்தில் அந்த வாசனையிலிருந்து எங்கே ஓடுவது? மீன் விற்று வரும் மனைவியின் சேலையில் இருக்கிறது அது. “கிட்ட வராத” என்று அவர் முகம் திருப்பினால் அந்த அம்மாளின் மனம் என்ன பாடுபடும்! வேறொரு நோயாளியின் மனைவி, “எங்க வீட்டுக்காரரும் அப்படித்தான் இருந்தாரு. ஆறவெச்ச சோத்துல மோர் ஊத்திக் கொடுங்க, மணம் அடிக்காது,” என்று சொல்லும்போது இரண்டு பேரும் பிழைக்கிறார்கள்.

இ.ஜி.எஃப்.ஆர். போன்ற மரபணுக்களில் மாற்றம் இருப்பவர்களுக்கு ஜெஃபிடினிப் போன்ற தினசரி மாத்திரை கிடைக்கிறது. முடி கொட்டாமல் வேலைக்குப் போகலாம். ஆனால் முகமெல்லாம் பரு போலக் கிளம்பும், வயிறு போகும், நகக்கண் புண்ணாகும். இது எதிர்பார்த்ததுதான் என்று தெரியாதவர் யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்திவிடுவார். தெரிந்தவர் மருத்துவரிடம் காட்டி மருந்து வாங்குவார். இடையில் இருப்பது ஒரு பேச்சு.

“பீடி குடிச்சல்ல, அனுபவி”

நுரையீரல் புற்றுக்கு மட்டும் ஒரு கூடுதல் பாரம் உண்டு. மற்றப் புற்று வந்தவரிடம் “பாவம்” என்கிற ஊர், இவரிடம் “குடிச்சியா?” என்று கேட்கிறது. பீடியும் சிகரெட்டும் பெரிய காரணம்தான். ஆனால் ஒரு தடவைகூடப் புகைக்காத பெண்களுக்கும் இந்த நோய் வருகிறது. டீசல் புகையை 2012-லும் வெளிக்காற்று மாசை 2013-லும் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை புற்று உண்டாக்கும் காரணிகளாக அறிவித்தது. புகைத்தவராகவே இருந்தாலும், நெஞ்சில் டியூபோடு படுத்திருப்பவரிடம் கணக்குக் கேட்கும் நேரமா அது? “நானும் குடிச்சேன். விட்டுட்டேன். நீயும் விட்டுடு, மூச்சு கொஞ்சம் லேசாவும்,” என்று சொல்லத் தகுதியுள்ள ஒரே ஆள் அதே நோய் வந்தவர்.

வழி போட்டவர்கள்

இந்தத் துணையைத் தற்செயலுக்கு விடாமல் அமைப்பாகக் கட்டியவர்கள் நம் நாட்டில் இருக்கிறார்கள். 1980-களில் கனடாவில் படித்துக்கொண்டிருந்தபோது ஹாட்ஜ்கின் லிம்ஃபோமா என்ற புற்றுக்குச் சிகிச்சை பெற்ற ஹர்மாலா குப்தா, டெல்லி திரும்பி 1991-இல் ‘கேன்சர் சஹயோக்’ என்ற துணைக்குழுவையும், 1996-இல் ‘கேன்சப்போர்ட்’ அமைப்பையும் தொடங்கினார். மும்பையில் புற்றிலிருந்து மீண்ட வந்தனா குப்தா 1994-இல் ‘வி கேர்’ அமைப்பை நிறுவினார். நுரையீரல் புற்றுக்கென்றே டாடா மெமோரியல் மருத்துவமனை மருத்துவர்களின் துணையோடு மும்பையில் வளர்ந்தது ‘லங் கனெக்ட்’.

துணை இருந்தால் ஆயுள் கூடுமா? 2001-இல் வெளியான கனடிய ஆய்வில், முற்றிய மார்பகப் புற்றுள்ள 235 பெண்களில் குழுவாகக் கூடிப் பேசியவர்களுக்கு ஆயுள் நீளவில்லை. ஆனால் மனவேதனையும் வலியும் குறைந்தன. 2010-இல் அமெரிக்காவின் பாஸ்டனில் முற்றிய நுரையீரல் புற்றுள்ள 151 பேரிடம் நடந்த ஆய்வு வேறொன்றைக் காட்டியது. தொடக்கத்திலேயே வலி தணிப்பு மருத்துவமும் மனத்துணையும் சேர்த்துத் தரப்பட்டவர்களுக்கு மனச்சோர்வு குறைந்தது. இடைநிலை ஆயுளும் 8.9 மாதத்துக்குப் பதில் 11.6 மாதமாக இருந்தது. அது பயிற்சி பெற்ற மருத்துவக் குழு செய்த வேலை. சக நோயாளியால் அது முடியாது. அவர் செய்யக்கூடியது, அந்தக் குழுவிடம் கூச்சமில்லாமல் போகச் சொல்வது.

எல்லை அங்கேதான் இருக்கிறது. ஒருவருடைய கட்டி இன்னொருவருடையது இல்லை. “எனக்கு அந்த மாத்திரை கேட்டுச்சு”, “அந்த இலைச்சாறு குடி, கீமோ வேண்டாம்” என்று தொடங்கினால் துணை ஆபத்தாகிவிடும். அனுபவத்தைச் சொல்லலாம், மருந்தை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

காரைக்கால்மேட்டுக்கு என்ன செய்யலாம்?

மார்பகப் புற்றுக்கு ஊருக்கு ஊர் மீண்டவர்கள் கிடைக்கிறார்கள். நுரையீரல் புற்றில் நீண்ட நாள் மீண்டிருப்பவர்கள் குறைவு. வழிகாட்டியவரே சில மாதத்தில் போய்விடலாம். அதற்காகக் கைவிட வேண்டியதில்லை. துணைக்கு நோயை வென்ற வீரர் தேவையில்லை. ஒரு கீமோ முன்னால் போனவர் போதும். முன்னே போன படகு வயர்லெஸ்ஸில் கடல் நிலவரம் சொல்வதைப் போன்றதுதான் இது. அந்தப் படகு கரை சேர்ந்துவிட்டதா என்று யாரும் கேட்பதில்லை. இப்போது அங்கே காற்று எப்படி என்றுதான் கேட்கிறார்கள்.

காரைக்கால்மேட்டில் ஊர்ப் பஞ்சாயத்து கூடுகிறது. பெண்களின் சுய உதவிக் குழுக்கள் இருக்கின்றன. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் நிற்கின்றன. சிகிச்சையில் இருப்பவர்களும் அவர்கள் வீட்டாரும் ஒரு மாலை கூடிப் பேச இவை போதும். விருப்பம் தந்தவர்களின் போன் எண்களை ஒரு நோட்டில் எழுதி, நம்பிக்கையான ஒருவரிடம் வைக்கலாம். புற்றுநோயாளிக்கு ரயிலில் ஸ்லீப்பர் வகுப்பில் முழுக் கட்டணச் சலுகையும் துணைக்குப் போகிறவருக்கு 75 சதவீதச் சலுகையும் உண்டு என்பது போன்ற சேதிகள் அந்த நோட்டின் முதல் பக்கத்தில் இருக்கலாம். கீமோ நாட்களில் காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் விடியும்வரை காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்பது இரண்டாம் பக்கத்தில்.

நோட்டு இல்லாவிட்டாலும் தொடங்கலாம். காரைக்கால் பேருந்து நிலையத்தில் விடிவதற்கு முன்னால், ஸ்கேன் படம் வைத்த பெரிய உறையைக் கையில் பிடித்தபடி ஒருவர் புதுச்சேரி பஸ்ஸுக்குக் காத்திருப்பார். அதே உறையோடு பல தடவை போய் வந்த இன்னொருவர் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, “எத்தனாவது கீமோண்ணே?” என்று கேட்க வேண்டும்.