படம் வேண்டாம், அளவு நாடா போதும்

"சித்தி, நாலு படம் எடுத்தால் உடம்பிலை எவ்வளவு கொழுப்பு எண்டு போன் சொல்லுமாம்" என்றாள் என் பெறாமகள்.

"எனக்கென்ன கொழுப்பு? கையும் காலும் ஈர்க்குமாதிரிக் கிடக்கு" என்று சிரித்தேன்.

அவள் சொன்னது பொய்யில்லை. அமேசான் நிறுவனம் 2020 இல் அமெரிக்காவில் 'ஹேலோ' என்ற கைப்பட்டியை அறிமுகம் செய்தது. உடலோடு ஒட்டிய குறைந்த உடையுடன் நின்று முன்புறம், பின்புறம், இரு பக்கங்கள் எனப் படம் எடுக்க வேண்டும். அவற்றிலிருந்து உடலின் உருவத்தை அமைத்து, கொழுப்பின் வீதத்தைக் கணினி கணிக்கும். 134 பேரைக் கொண்டு செய்து 2022 இல் வெளியான ஆய்வொன்றில், எக்ஸ்கதிர்க் கருவி காட்டிய அளவுக்கு இக்கணிப்பு நெருங்கி வந்தது. அச்சேவை 2023 இல் நிறுத்தப்பட்டாலும், படத்தால் அளக்கும் வேறு செயலிகள் உள்ளன.

ஆனால் சோதனைச் சாவடிகளில் உடற்சோதனைக்கு நின்ற நாட்களை மறக்காத எனக்கு, அரைகுறை உடையில் படமெடுக்க மனம் ஒப்பவில்லை. அந்தப் படம் யார் கையில் சேரும் என்று யார் கண்டது? பெண்பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.

"அப்ப நாடாவைத் தாங்கோ" என்று தையல் பெட்டியைத் திறந்தாள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே, மூச்சை விட்டபின், இறுக்காமல் சுற்றினாள். 86 சென்ரிமீற்றர்!

தெற்காசியப் பெண்களுக்கு 80 சென்ரிமீற்றரைத் தாண்டினாலே கவனம் தேவை. எங்களவரில் கைகால் மெலிந்திருந்தாலும் வயிற்றினுள், ஈரலைச் சுற்றிக் கொழுப்பு சேர்வதுண்டு. நீரிழிவுக்கும் இருதய நோய்க்கும் வழிவிடுவது அதுதான். நிறை பார்க்கும் தராசு இதைக் காட்டாது.

மறுவாரம் வைத்தியசாலைக்குப் போனேன். வெறும் வயிற்றில் எடுத்த இரத்தத்தில் சீனி 118. "இன்னும் நீரிழிவு இல்லையம்மா, வாசற்படியிலை நிக்கிறியள்" என்றார் வைத்தியர். இப்போது தேநீருக்குச் சீனி இல்லை. சோற்றைக் குறைத்து, கீரையும் பயறும் கூட்டியிருக்கிறேன். மாலையில் அரைமணி நேர நடை.

பிள்ளைகளுக்குப் போட்டுவிட்டு, மிஞ்சிய சோற்றோடும் சீனித் தேநீரோடும் நாளை ஓட்டுபவர்கள் நாங்கள். தனியாளாய்க் குடும்பம் சுமப்பவள் படுத்துவிட்டால் அடுப்பும் அணைந்துவிடும். சகோதரிகளே, இன்றே இடுப்பை அளந்து பாருங்கள். அளவு கூடினால் பயப்படாமல் சீனியும் பிறஷரும் பாருங்கள். அரச வைத்தியசாலையில் இதற்குக் காசு இல்லை.