மருந்தில்லா நோயும் மண்ணின் தேனீயும்

தேனெடுத்தல் குறிஞ்சி நில மக்களின் தொன்மையான தொழில்களுள் ஒன்று. தேன்கூட்டைக் குறிக்க ‘இறால்’ என்னும் சொல் பழந்தமிழில் வழங்கியது. மலையிலும் மரப்பொந்திலும் தேடிச் சென்று எடுத்த தேனை, தோட்டத்திலேயே பெட்டி வைத்து எடுக்கும் முறை தமிழ்நாட்டில் இருபதாம் நூற்றாண்டில் வேரூன்றியது. அவ்வாறு வளர்ந்த தொழிலை 1991, 1992ஆம் ஆண்டுகளில் ஒரு வைரஸ் நோய் ஏறத்தாழ அழித்தது. அந்நோயைக் குணப்படுத்தும் மருந்து அன்றும் இல்லை. இன்றும் வழக்கில் இல்லை. ஆயினும் மண்ணின் தேனீ மறைந்துவிடவில்லை. அது மீண்டது எவ்வாறு என்னும் வினாவிற்குத் தேனீயின் உயிரியலே விடை கூறுகிறது.

பெட்டிக்குள் வந்த தேனீ

மலைத்தேனீ, கொம்புத்தேனீ, இந்தியத் தேனீ, கொசுத்தேனீ ஆகியவை இம்மண்ணுக்கு உரியவை. இத்தாலியத் தேனீ வெளிநாட்டிலிருந்து கொண்டுவரப்பட்டது. மலைத்தேனீயும் கொம்புத்தேனீயும் திறந்த வெளியில் ஒற்றை அடை மட்டுமே கட்டும். ஆகவே அவை பெட்டியில் வளர்வதில்லை. இந்தியத் தேனீயோ இருண்ட பொந்துகளில் பல அடைகளை அடுத்தடுத்துக் கட்டும். அதனால் அதனை அடுக்குத்தேனீ என்றும் அழைப்பர். இவ்வியல்பே அதனைப் பெட்டியில் வளர்ப்பதற்கு ஏற்றதாக்கியது.

அருட்தந்தை நியூட்டன் திருச்சிராப்பள்ளியில் 1911 முதல் 1917 வரை ஊரக மக்களுக்குத் தேனீ வளர்ப்பைப் பயிற்றுவித்தார். இந்தியத் தேனீயின் சிற்றுடலுக்கு ஏற்ப அவர் வடிவமைத்த பெட்டி இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. 1920களில், அன்று திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்த மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ. அமைப்பின் ஊரக மையத்தை நடத்திய ஸ்பென்சர் ஹேட்ச், தேனீ வளர்ப்பைச் சிறு உழவர்களின் துணைத்தொழிலாகப் பரப்பினார். அப்பகுதியில் பெருகிய ரப்பர் தோட்டங்களும் இத்தொழிலுக்குத் துணைநின்றன. இலையுதிர்த்து மீண்டும் துளிர்க்கும் காலத்தில் ரப்பர் மரத்தின் இளந்துளிர்க் காம்புகளில் இனிய நீர் சுரக்கும். பூவிலன்றி இலைக்காம்பில் ஊறும் அந்த இனிமையே குமரி மாவட்டத் தேனுக்கு முதன்மையான ஊற்றாகும்.

ஓருடலாகிய குடும்பம்

ஓர் இராணித் தேனீ, சில நூறு ஆண் தேனீக்கள், பல்லாயிரம் பணித் தேனீக்கள் சேர்ந்தது ஒரு தேனீக் குடும்பம். பணித் தேனீ தன் அகவைக்கு ஏற்பத் தொழில் மாறும். பிறந்த சில நாள்கள் அறைகளைத் தூய்மை செய்யும். பின்னர்ச் செவிலியாகித் தன் தலையிலுள்ள சுரப்பிகளில் ஊறும் பாலைப் புழுக்களுக்கு ஊட்டும். அடுத்து மெழுகு சுரந்து அடை கட்டும். வாயிலில் காவல் நிற்கும். இறுதியாகவே தேனும் மகரந்தமும் திரட்ட வெளியே பறக்கும்.

தேனீக்கள் ஒன்றற்கொன்று வாயோடு வாய் வைத்து உணவைப் பகிர்கின்றன. ஒன்று உண்டது சிறிது பொழுதில் பலவற்றின் வயிற்றைச் சென்றடைகிறது. இப்பகிர்வே குடும்பத்தின் வலிமை. அதுவே அதன் மெலிவும் ஆகும். ஏனெனில், உணவு செல்லும் வழியிலேயே நோயும் செல்கிறது.

பையாக மாறிய புழு

1976இல் தாய்லாந்தில் இந்தியத் தேனீயின் இனத்தில் ஒரு நோய் கண்டறியப்பட்டது. பைப்புழு நோய் எனப்படும் இதனைத் தேனீ வளர்ப்போர் ‘தாய் சாக்புரூட்’ என்று குறிப்பிடுவர். நோயுற்ற புழுவால் தன் இறுதித் தோலை உரிக்க இயலாது. பழைய தோலுக்கும் உடலுக்கும் இடையே நீர் கோத்து, புழு ஒரு சிறு பை போலாகித் தலை நிமிர்ந்த நிலையில் இறந்து கிடக்கும். வளர்ந்த தேனீக்களின் உடலில் நோயின் அடையாளம் ஏதும் தெரியாது. ஆனால் புதிய தலைமுறை பிறவாமல் குடும்பம் நாள்தோறும் சுருங்கும். முடிவில் எஞ்சியவை கூட்டைவிட்டே வெளியேறிவிடும்.

இந்நோய் 1978இல் இந்தியாவின் வடகிழக்கிலும், 1991இல் தென்னிந்தியாவிலும் தோன்றியது. தென்னிந்தியாவில் வளர்க்கப்பட்ட இந்தியத் தேனீக் குடும்பங்களுள் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் அழிந்தன எனக் கணக்கிடப்பட்டது. தேனால் கிடைத்த வருவாயைக் கொண்டு குடும்பம் நடத்தியோரின் தோட்டங்களில் வெற்றுப் பெட்டிகளே எஞ்சின.

செவிலியின் விலகல்

இறந்த புழுவை அகற்றுவது இளம் பணித் தேனீயின் கடமை. அதைச் செய்யும்போது பையிலுள்ள நீர் அதன் வாய்க்குள் செல்கிறது. நீரிலிருந்த வைரஸ் பால் சுரக்கும் சுரப்பிகளில் பெருகுகிறது. அதன்பின் அத்தேனீ ஊட்டும் பாலே நஞ்சாகும். இங்கு ஆய்வாளர்கள் வியத்தகு நிகழ்வொன்றைக் கண்டனர். நோய் தொற்றிய செவிலித் தேனீ மகரந்தம் உண்பதைக் குறைத்துக்கொள்கிறது; புழுக்களுக்கு ஊட்டுவதை நிறுத்துகிறது; உரிய அகவைக்கு முன்னரே கூட்டைவிட்டு வெளியே உணவு திரட்டச் செல்கிறது. அதன் வாழ்நாள் குறைகிறது. எனினும் தொட்டிலுக்கும் நோய்க்கும் இடையே தொலைவு உண்டாகிறது.

தூய்மையும் மரபும்

நோயை விரைவில் கண்டுணர்ந்து அகற்றும் திறன் எல்லாக் குடும்பங்களுக்கும் ஒரே அளவில் அமைவதில்லை. அமெரிக்க ஆய்வாளர் வால்டர் ரோத்தன்புலர் 1964இல் இதனை விளக்கினார். அவர் ஆராய்ந்த இத்தாலியத் தேனீ இனத்தில், சில குடும்பங்கள் இறந்த புழுவின் அறையைத் திறந்து அதனை வெளியேற்றின. சில திறந்ததோடு நிறுத்திக்கொண்டன. வேறு சில, மனிதர் மூடியைத் திறந்துவைத்தால் மட்டுமே புழுவை வெளியேற்றின. திறத்தலும் அகற்றலும் மரபுவழி வரும் தனித்தனிப் பண்புகள் என்று அவர் முடிவு செய்தார். இப்பண்புகளில் பங்குபெறும் மரபணுக்கள் மேலும் பல என்பதைப் பிற்கால ஆய்வுகள் உணர்த்தின.

இயற்கை இப்பண்புகளை ஒரே குடும்பத்தில் சேர்த்துவைக்க வழி வகுத்துள்ளது. இளம் இராணி தன் புணர்ச்சிப் பறப்புகளின்போது பத்துக்கும் மேற்பட்ட ஆண் தேனீக்களுடன் கூடுகிறது. எனவே, ஒரு தாயின் மக்களாகிய பணித் தேனீக்கள் பல தந்தையரின் மரபைக் கொண்டுள்ளன. ஒரு சாரார் நோயை விரைந்து உணர்வர். மற்றொரு சாரார் நோயைத் தாங்குவர். இத்தகைய பன்மை மிக்க குடும்பங்களில் நோயின் கடுமை குறைவதை ஆய்வுகள் காட்டியுள்ளன.

எஞ்சியவற்றிலிருந்து

பேரழிவுக்குப் பின்னர் தென்னிந்தியாவில் சிலர் இத்தாலியத் தேனீயை நாடினர். பைப்புழு நோயின் இக்கொடிய வகை அதனை அவ்வளவாகத் தாக்குவதில்லை. ஆனால் வர்ரோவா என்னும் உண்ணி அத்தேனீயை எளிதில் வீழ்த்திவிடும். இந்தியத் தேனீயோ அவ்வுண்ணியோடு நெடுங்காலம் வாழ்ந்து பழகியது. உண்ணி பெரும்பாலும் ஆண் தேனீயின் அறைகளிலேயே இனம் பெருக்க இயலுகிறது. உடலில் ஏறிய உண்ணியைத் தேனீக்கள் தாமே களைகின்றன. ஒவ்வோர் இனத்திற்கும் அதன் நீண்ட வாழ்வு வழங்கிய காப்பு உண்டு என்பதற்கு இது சான்றாகும்.

நோய்க்குத் தப்பிய இந்தியத் தேனீக் குடும்பங்களைத் தேர்ந்து பெருக்குவதே மீட்சிக்கு வழியாயிற்று. நோய் தோன்றினால் இராணியைச் சில நாள்கள் கூண்டிலடைத்து முட்டையிடுதலை நிறுத்திவைப்பர். தொட்டில் வெறுமையாகும்போது வைரஸ் பெருகுவதற்குப் புழுவில்லாமற் போகிறது. நோயுற்ற பெட்டியின் அடைகளையும் கருவிகளையும் பிற பெட்டிகளில் பயன்படுத்துவதில்லை. மீண்டும் மீண்டும் நோய்க்கு ஆளாகும் குடும்பத்திலிருந்து புதிய இராணியை உருவாக்குவதும் இல்லை.

இந்நோய் இன்றும் அவ்வப்போது தலைகாட்டுகிறது. மிகுதியாகத் தேன் தரும் குடும்பத்தை மட்டுமே தேடிப் பெருக்குவோர் நோயைத் தாங்கும் மரபை அறியாமலேயே இழக்கக்கூடும். மரப்பொந்துகளிலும் பாறை இடுக்குகளிலும் மனிதர் பேணாமல் வாழும் தேனீக்களும் அம்மரபின் சேமிப்பே ஆகும். பொந்துள்ள முதுமரத்தை வெட்டாது விடுவதும் தேனீ வளர்ப்பின் ஒரு பகுதி என்பதை உணர்தல் வேண்டும்.