துணைவேந்தர் கதிரையும் நாங்கள் அனுப்பும் காசும்

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்குப் புதிய துணைவேந்தர் என்று செய்தி வந்தால், அவர் எந்த ஊர், எந்தப் பள்ளிக்கூடம் என்றுதான் நாங்கள் முதலில் விசாரிக்கிறோம். எத்தனை வருடம் இருப்பார், முன்னவர் தொடங்கிய வேலைகள் என்னவாகும் என்று கேட்பவர்கள் குறைவு. ஆனால் ஒரு அரச பல்கலைக்கழகம் வளருமா தேயுமா என்பதில் இந்த இரண்டு கேள்விகளுக்கும் பெரிய பங்குண்டு.

இதை நாங்கள் பட்டுத்தான் அறிந்தோம். சில வருடங்களுக்கு முன் ஊரில் ஒரு கல்வி நிறுவனத்தின் ஆய்வுகூடத்துக்கு எங்களில் சிலர் காசு சேர்த்துக் கருவிகள் வாங்கிக் கொடுத்தோம். அதற்கிடையில் தலைவராக இருந்தவர் ஓய்வு பெற்றார். பின்னால் வந்தவருக்கு எங்கள் கடிதங்களைப் பற்றி எதுவும் தெரியாது. கருவிகள் ஒரு வருடத்துக்கு மேல் பெட்டியோடு கிடந்தன. யாரும் களவெடுக்கவில்லை. ஒருவர் மற்றவரிடம் ஒழுங்காகக் கையளிக்கவில்லை, அவ்வளவுதான்.

முதலில் சட்டத்தைப் பார்ப்போம். இலங்கையில் 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகச் சட்டத்தின்படி, பல்கலைக்கழகப் பேரவை மூன்று பெயர்களைப் பரிந்துரைக்கும். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஊடாக அவை ஜனாதிபதியிடம் போகும். அவர் ஒருவரை மூன்று வருடத்துக்கு நியமிப்பார். இன்றைய நடைமுறையில் தொடர்ந்து இரண்டு தவணைக்கு மேல் ஒருவர் இருக்க முடியாது.

மூன்று வருடம் என்பது ஒரு நான்கு வருடச் சிறப்புப் பட்டத்தைவிடக் குறைவு. மருத்துவப் பட்டத்துக்கு ஐந்து வருடம் வேண்டும். புதிய பீடம் ஒன்றுக்குத் திட்டம் எழுதி, அனுமதி பெற்று, ஆளணியும் கட்டடமும் கிடைத்து, முதல் அணி பட்டம் பெற்று வெளியேறும்போது பல வருடங்கள் போயிருக்கும். அதைத் தொடங்கியவர் முடிவைக் கதிரையில் இருந்தபடி பார்ப்பது அரிது.

எங்கள் பல்கலைக்கழகத்தின் கதையே இதற்குச் சாட்சி. 1974இல் பேராசிரியர் கைலாசபதியைத் தலைவராகக் கொண்டு வளாகமாகத் தொடங்கியது. 1979இல் தனிப் பல்கலைக்கழகமானது. முதல் துணைவேந்தர் பேராசிரியர் வித்தியானந்தன் 1988 வரை இருந்தார். பல்கலைக்கழகம் வேர்விட்ட காலத்தில், 83 கலவரத்துக்கு முன்னும் பின்னும், ஒரே கை அதை நடத்தியது. அடுத்து வந்த பேராசிரியர் துரைராஜா ஒரு பொறியியலாளர். அவர் காலத்தில் 1990இல் கிளிநொச்சியில் விவசாய பீடம் தொடங்கியது. 1994இல் அவர் மறைந்தார். பொறியியல் பீடம் முதல் அணி மாணவரைச் சேர்க்க மேலும் இருபது வருடங்கள் சென்றன. போர்தான் பெரிய காரணம், மறுப்பதற்கில்லை.

ஆனால் எல்லாவற்றையும் போரின் தலையில் கட்டிவிட முடியாது. 2006இல் நியமிக்கப்பட்ட ஒருவரால் எதிர்ப்பாலும் அச்சுறுத்தலாலும் கடமையாற்ற முடியாமல் போனது. போர் முடிந்து பத்து வருடத்தின் பின், 2019 மே மாதத்தில், பதவியில் இருந்த துணைவேந்தர் தவணை முடியுமுன்னே ஜனாதிபதியால் நீக்கப்பட்டார். அதன்பின் தகுதிவாய்ந்த அதிகாரி ஒருவர் நிர்வகித்தார். அடுத்த துணைவேந்தர் வர 2020 ஓகஸ்ட் ஆனது. இப்படியான இடைக்காலத்தில் அன்றாட வேலை நடக்கும், சம்பளம் போகும். ஐந்து வருடம் கட்டுப்படுத்தக்கூடிய ஒரு முடிவை எடுக்க யாரும் துணியமாட்டார்கள்.

இது எங்களுக்கு மட்டும் உரிய வருத்தம் அல்ல. அமெரிக்காவில் பல்கலைக்கழக, கல்லூரித் தலைவர்கள் பதவியில் இருந்த சராசரிக் காலம் 2006இல் 8.5 வருடம், 2022இல் 5.9 வருடம். அதே நாட்டில் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகம் 2002இல் தலைவராக வந்த மைக்கேல் குரோவை இருபது வருடத்துக்கு மேல் வைத்திருந்து வேகமாக வளர்ந்தது.

அப்படியென்றால் நீண்ட காலம் இருந்தால் போதுமா? போதாது. பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஒருவர் 1995 முதல் தலைவராக இருந்தார். விளையாட்டுப் பயிற்சியாளர் ஒருவர் சிறுவர்களைத் துன்புறுத்திய விவகாரம் வெடித்தபோது, 2011இல் பதவியிழந்தார். கதிரை நிலையாக இருந்தும் கேள்வி கேட்பார் இல்லாவிட்டால் இதுதான் கதி.

சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம் நல்ல வழியொன்றைக் காட்டுகிறது. 2008இல் தலைவரான டான் சோர் சுவான் அதற்கு முன்பே அங்கு உயர் நிர்வாகத்தில் இருந்தவர். 2018இல் அவர் இடத்துக்கு வந்த டான் எங் சை, அவருக்குக் கீழ் கல்விப் பொறுப்பைப் பல வருடம் பார்த்தவர். ஆள் மாறினாலும் வேலையின் நூல் அறவில்லை.

கணக்கியலில் 'தொடர்ந்தியங்கும் எண்ணக்கரு' என்று முதலாம் பாடத்திலேயே படிப்பிப்பார்கள். நிறுவனம் நாளைக்கும் இயங்கும் என்று நம்பித்தான் இன்றைய கணக்கை எழுதுகிறோம். முகாமையாளர் மாறினாலும் இறுதி மீதி அப்படியே ஆரம்ப மீதியாக வரும். பல்கலைக்கழகத் தலைமைக்கும் அதே விதிதான். தவணை மூன்று வருடமாகவே இருக்கட்டும். அடுத்தவர் யார் என்பது பதவி காலியாகுமுன் தெரிந்திருக்க வேண்டும். பேரவையிடம் பத்து வருடத் திட்டம் எழுத்தில் இருக்க வேண்டும். போகிறவர் முடியாத வேலைகளின் பட்டியலைக் கையொப்பமிட்டுக் கொடுக்க வேண்டும்.

சட்டத்தை மாற்ற எங்களால் முடியாது. காசு அனுப்பும்போது கேட்க முடியும். நன்கொடைக் கடிதத்தைத் தனி ஆளுக்கு எழுதாமல் துணைவேந்தர் பதவிக்கு எழுதி, பதிவாளருக்கும் நிதியாளருக்கும் பிரதி அனுப்புவோம். பேரவையின் தீர்மானம் இருக்கிறதா என்று கேட்போம். ஒரே தடவையில் கொடுக்காமல், வேலை நடக்க நடக்கக் கொடுப்போம். தலைமை மாறினால் மூன்று மாதத்துக்குள் புதியவருக்குப் பழைய கடிதங்களின் பிரதியோடு எழுதுவோம்.

அந்தக் கருவிகள் கடைசியில் பெட்டியிலிருந்து வெளியே வந்தன. எங்களில் ஒருவர் ஊருக்குப் போய் பழைய கடிதத்தைக் கையில் கொடுத்த பிறகுதான்.