உங்களுக்குத் தெரியுமா? மழைக்காலத்தில் ஜன்னலை இழைக்கக் கூடாது!

ஐப்பசி மழையில் மர ஜன்னல் இறுகிக்கொண்டால், உடனே இழைப்புளியைத் தேடாதீர்கள். ஈரத்தை உறிஞ்சும் மரம் அகலவாக்கில் உப்பும். நீளவாக்கில் அநேகமாக மாறாது. அன்று சீவித் தள்ளிய விளிம்பு, சித்திரை வெயிலில் சுருங்கிக் காற்றுக்கு வழிவிடும். பங்குனி வரை பொறுப்பதே நல்லது.

மரத்தின் இந்தப் போக்கை அறிந்த கைகள் கல்வராயன் மலைக்குக் கிழக்கே நிறைய உண்டு. கள்ளக்குறிச்சி மரச் சிற்பங்களுக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது. தேக்கு, வாகை, வேம்பு என ஒவ்வொன்றின் ரேகையையும் பார்த்தே சிற்பி உளியை வைக்கிறார்.

பழைய ஜன்னலைப் பழுது பார்க்கவும் அதே கண் வேண்டும். தண்ணீர் தங்குவதால் முதலில் உளுப்பது பெரும்பாலும் அடிச்சட்டம்தான். அதற்காக முழு ஜன்னலையும் கழற்றி வீசுவது பெரிய இழப்பு. வைரம் பாய்ந்த பழந்தேக்கு இன்று எளிதில் கிடைக்காது. உளுத்த பகுதியை மட்டும் வெட்டி, நன்கு உலர்ந்த அதே வகை மரத்தை ரேகை மாறாமல் ஒட்டுப்போட்டால் போதும்.

ஆங்கிலேயர் பாணியில் மேலும் கீழும் நகரும் ஜன்னல்களில் ஒரு நுட்பம் ஒளிந்திருக்கிறது. நிலைச்சட்டத்துக்குள் கப்பி, கயிறு, இரும்புக் குண்டுகள். இரு பக்கக் குண்டுகளும் சேர்ந்து கதவின் எடையை ஈடுகட்டுவதால், விட்ட இடத்திலேயே அது நிற்கும். கயிறு அறுந்தால் கயிற்றை மாற்றினால் போதும். ஆனால் தடித்த கண்ணாடி பொருத்தினால் குண்டின் எடையையும் கூட்ட வேண்டும்.